சூடு பிறக்கும் இடம்

1998-இல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்றொரு மலிவு விலை பிராசசரைச் சந்தைக்கு விட்டது. பெயரில் இருப்பதுபோலவே அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். வாங்கியவர்கள் மதர்போர்டில் பஸ் வேகத்தை மட்டும் 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினார்கள். பிராசசர் மறுபேச்சில்லாமல் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 50 சதவீதக் கூடுதல் வேகம், காசு செலவில்லாமல். தலைமேல் உட்கார்ந்திருந்த சிறிய அலுமினிய ஹீட் சிங்க்கும் ஒரு சின்ன ஃபேனும் பெரும்பாலும் அதற்குப் போதுமாக இருந்தன. இனி 2024 மார்ச்சுக்கு வருவோம். அதே இன்டெல், கோர் ஐ9-14900கேஎஸ் என்ற பிராசசரை வெளியிட்டது. ஆலையிலிருந்து வரும்போதே 6.2 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டக்கூடியது. சில மாதங்கள் முன்பு வந்த 14900கே-யின் உச்சம் 6 கிகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் வித்தியாசம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த 3 சதவீதத்தைக் கட்டிக் காப்பதற்காக, மூன்று ஃபேன்கள் பூட்டிய 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் தண்ணீர் பம்பும் கொண்ட கூலரைத் தேடிப் போகிறார்கள் ஆர்வலர்கள்.

கால் நூற்றாண்டில் கூலர்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. அவற்றால் கிடைக்கும் ஆதாயம் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிப்போனது? விளம்பரங்களிடம் இதற்கு ஒரே விடைதான் உண்டு: இப்போதைய சிப்கள் அதிகம் சூடாகின்றன, எனவே இன்னும் பெரிய கூலர் வேண்டும். இது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரமும் நடக்கிறது. ஓவர்கிளாக் செய்த, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்ட பிராசசர் எவ்வளவு சூடாகும் என்பது, கூலர் தொடங்கும் இடத்துக்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. சிப்புக்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறோம், உள்ளே பிறந்த வெப்பம் எந்தப் பாதையில் வெளியே வருகிறது என்ற இரண்டும்தான் பெரிய காரணிகள். இரண்டாவது நம் கையில் இல்லை, அது சிப்பை வடிவமைப்பவரின் கையில் இருக்கிறது. முதலாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆனால் அதைத்தான் கடைசியாகத் தொடுகிறோம்.

டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. அதற்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் முடியும். பிராசசருக்குள் போகும் வாட்டும் வெளியே வரும் சூடும் ஒரே கணக்கு. இந்தச் செலவு, வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. விஷயமே அந்த 'வர்க்கத்தில்' இருக்கிறது. ஒரு பிராசசர் 1.1 வோல்ட்டில் 4 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிகாஹெர்ட்ஸில் தடுமாறாமல் ஓட அதற்கு 1.35 வோல்ட் தேவைப்படுகிறது. வேகம் கூடியது 25 சதவீதம். வேகத்துக்காக மின்செலவு 1.25 மடங்காகிறது; வோல்டேஜுக்காக அதன்மேல் இன்னொரு 1.5 மடங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 1.9 மடங்கு. கால் பங்கு வேகத்துக்காக வெப்பத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியிருக்கிறோம், அதில் பெரும்பங்கு வோல்டேஜின் வேலை. இதோடு முடியவில்லை. சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் கசிகிறது. வோல்டேஜ் ஏறினாலும் சூடு ஏறினாலும் இந்தக் கசிவு அதிகமாகும். சூடு கசிவை வளர்க்க, கசிவு சூட்டை வளர்க்கும்.

செலரான் காலத்தில் இந்தச் சுமை ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை 1974-இல் இருக்கிறது. ஐபிஎம்-மில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், ஒரே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்கள், கூடுதல் வேகம், ஆனால் அதே அளவு வெப்பம் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் தொழில்துறை இதை நம்பித்தான் பிழைத்தது. 486 பிராசசர் காலத்தில் 5 வோல்ட்டாக இருந்தது, செலரான் 300ஏ-வில் 2 வோல்ட்டுக்கு வந்தது. 2004 வாக்கில் 1.4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அதற்கு மேல் இறங்க மறுத்துவிட்டது, ஏனென்றால் இன்னும் குறைத்தால் டிரான்சிஸ்டரை முழுதாக அணைக்க முடியாமல் கசிவு தலைதூக்கியது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், முழு வேகத்தில் ஓடும் மேசைக் கணினிப் பிராசசர்களின் வோல்டேஜ் பெரும்பாலும் 1-க்கும் 1.4-க்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. டிரான்சிஸ்டர்களின் நெருக்கம் மட்டும் பல மடங்காகிவிட்டது.

ஆபத்தை முன்கூட்டிச் சொன்னவர்கள் இருந்தார்கள். பின்னாளில் இன்டெல்லின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பாட் கெல்சிங்கர், 2001-இல் நடந்த சர்வதேச மாநாடு ஒன்றில், இதே போக்கில் போனால் சிப்பின் சதுர சென்டிமீட்டருக்கான வெப்பம் அணு உலையையும் ராக்கெட் நாசிலையும் எட்டி, கடைசியில் சூரியனின் மேற்பரப்போடு போட்டி போடும் என்று எச்சரித்தார். அவர் நிறுவனமே அந்தப் போக்கில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. 2004-இல் வந்த பெண்டியம் 4 'பிரெஸ்காட்' சூட்டுக்குப் பேர்போனது. அடுத்து வரவேண்டிய 'டெஹாஸ்' அதே ஆண்டு கைவிடப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-ம் ரத்தானது. அந்த அக்டோபரில் ஒரு தொழில்துறைக் கூட்டத்தில் அன்றைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட், விளையாட்டாக முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். அன்று உலகின் மிகப் பெரிய சிப் நிறுவனமாக இருந்த இன்டெல், கூலரால் வெல்ல முடியாமல் விட்டுக்கொடுத்த விவகாரம் இது. அங்கே பொறியாளர்களுக்கோ பணத்துக்கோ பஞ்சமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

வெப்பத்தின் மொத்த அளவை விட அது எவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கிறது என்பதே முக்கியம். 14900 வரிசை பிராசசரின் சிலிக்கான் துண்டு சுமார் 257 சதுர மில்லிமீட்டர். தபால்தலையை விடச் சிறியது. அது நெடுநேரம் இழுக்க இன்டெல் அனுமதிக்கும் மின்சாரம் 253 வாட். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். வீட்டில் இருக்கும் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தை வைத்து முழு வேகத்தில் எரியவிட்டால், பாத்திரத்தின் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட்தான் இறங்கும். அதைப்போலப் பதினைந்து மடங்கு நெருக்கமான சூடு பிராசசரில். அதுவும் சராசரிக் கணக்கு, கணக்கிடும் கோர்கள் மேல் நெருக்கம் இன்னும் அதிகம்.

இந்த வெப்பம் போகும் வழியைப் பாருங்கள். சிலிக்கானின் ஒரு பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்களில் பிறந்து, சிலிக்கானின் தடிமனைக் கடந்து, சால்டரைக் கடந்து, மேலிருக்கும் உலோக மூடியைக் கடந்து, தெர்மல் பேஸ்ட்டைக் கடந்த பிறகே கூலரின் செம்பைத் தொடுகிறது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் 400 என்று கொண்டால், சிலிக்கான் 150 அளவில் நிற்கிறது, சால்டராகப் பயன்படும் இண்டியம் 80-ஐ ஒட்டி, தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில். ஒவ்வொரு அடுக்கும் சில டிகிரிகளைச் சுங்கம் வாங்கிக்கொண்டுதான் வழிவிடும். கணக்குக்காக ஒரு நல்ல கூலரை எடுத்துக்கொள்வோம்: ஒவ்வொரு வாட்டுக்கும் 0.1 டிகிரி என்ற அளவில் அது அறையை விடச் சூடேறும். 250 வாட் போனால் கூலரின் அடிப்பாகம் அறையை விட 25 டிகிரி அதிகம். அறை 32 டிகிரி என்றால் அடிப்பாகம் 57. ஆனால் சிப்புக்குள் இருக்கும் உணர்கருவி 95 காட்டுகிறது. நடுவில் இருக்கும் 38 டிகிரி, சில மில்லிமீட்டர் தடிமனில் தொலைகிறது. கூலரை இரு மடங்கு திறனுள்ளதாக மாற்றினாலும் மிச்சமாவது பன்னிரண்டரை டிகிரி. அதையும் இரு மடங்காக்கினால் ஆறேகால். அந்த 38 டிகிரியை எந்தக் கூலரும் தொட முடியாது. அதே பிராசசரின் வோல்டேஜை 1.35-லிருந்து 1.25-க்கு இறக்கினால், வேகம் மாறாமலே மின்செலவு 14 சதவீதம் குறையும். அறைக்கும் சிப்புக்கும் இடையிலிருந்த 63 டிகிரி வித்தியாசம் முழுவதும் அதே விகிதத்தில் சுருங்கி, கிட்டத்தட்ட 9 டிகிரி மிச்சமாகும். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

அந்த மில்லிமீட்டர்களின் மதிப்பைச் சந்தையே பலமுறை நிரூபித்திருக்கிறது. 2012-இல் வந்த 'ஐவி பிரிட்ஜ்' பிராசசர்களில் இன்டெல், மூடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் சால்டருக்குப் பதிலாகத் தெர்மல் பேஸ்ட்டைத் தடவியது. ஆர்வலர்கள் கொதித்துப்போய், பிளேடும் வைஸுமாக மூடியைப் பெயர்த்து, பேஸ்ட்டை மாற்றினார்கள். அதே கூலரில் பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது. 2018-இல் கோர் ஐ9-9900கே-யில் சால்டர் திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து 10900கே-யில் இன்டெல் சிலிக்கானையே 800 மைக்ரானிலிருந்து 500 மைக்ரானுக்கு மெலிதாகச் சீவியது. வெறும் 0.3 மில்லிமீட்டர், அதையே சாதனையாக அறிவித்தார்கள். இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி-யின் கதை இன்னும் சுவையானது. 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி-யில் கோர்கள் உள்ள சிலிக்கானுக்கு மேலே கேஷ் நினைவகத்தை அடுக்கினார்கள். விளையாட்டுகளில் அது அசத்தியது. ஆனால் கோர்களின் வெப்பம் அந்த மேலடுக்கைத் தாண்டித்தான் வெளியேற வேண்டியிருந்தது, ஓவர்கிளாக் செய்யும் வசதியும் பூட்டப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அடுக்கைத் தலைகீழாக்கினார்கள்: கேஷ் கீழே, கோர்கள் மேலே. முந்தைய 7800எக்ஸ்3டி-யின் அடிப்படை வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ், இதற்கு 4.7. இரண்டுக்கும் குறிப்பிட்ட வெப்ப அளவு அதே 120 வாட். ஓவர்கிளாக் பூட்டும் திறக்கப்பட்டது. இடையில் கோர்களின் வடிவமைப்பும் மாறியது என்பது உண்மைதான், எல்லாப் புகழும் அடுக்குக்கே போகாது. ஆனாலும் கடைகளில் கிடைக்கும் எந்தக் கூலரும் 5800எக்ஸ்3டி-க்குச் செய்ய முடியாத ஒன்றை, இரண்டு அடுக்குகளை இடம் மாற்றியே சாதித்தார்கள். (வேடிக்கை என்னவென்றால், பழைய கூலர்கள் பொருந்தவேண்டும் என்பதற்காக ரைசன் 7000 வரிசையிலிருந்து மூடியைத் தடிமனாக வைத்திருப்பதும் அதே ஏஎம்டிதான்.)

காற்றா, தண்ணீரா என்ற பழைய சண்டையை இங்கே நீட்டத் தேவையில்லை. 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய ஹீட் பைப் தத்துவத்தில்தான் இன்றைய காற்றுக் கூலர்கள் ஓடுகின்றன. குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரும்பி வருகிறது. தண்ணீர்க் கூலரில் அதே வேலையைப் பம்ப் செய்கிறது. இரண்டும் கடைசியில் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகின்றன, எனவே இரண்டாலும் அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது.

இந்த இடத்தில் ஒருவர் மறிக்கலாம்: கூலருக்கு மதிப்பில்லை என்றால், உலகச் சாதனைகள் எல்லாம் திரவ நைட்ரஜனில்தானே நடக்கின்றன? நியாயமான கேள்வி. 2014-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8370 பிராசசரை, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி, 8.72 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 2022 டிசம்பரில் கோர் ஐ9-13900கே-யை மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியம் கொண்டு 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவைத்தார்கள். இவ்வளவு குளிரில் கசிவு அடங்கிவிடும், டிரான்சிஸ்டர்களும் சுறுசுறுப்பாகும். அதனால்தான் ஏற்றிய வோல்டேஜையும் சிப் தாங்குகிறது. ஆக, குளிர் வேகம் தரும் என்பது உண்மை. என்ன விலைக்கு என்பதையும் பாருங்கள்: எட்டு ஆண்டுகள், நைட்ரஜனிலிருந்து ஹீலியம், முற்றிலும் புதிய தலைமுறை சிப். எல்லாம் சேர்ந்து கூட்டியது 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம். இந்த வேகங்கள் பதிவு செய்வதற்கான சில கணங்கள் மட்டும் நிலைத்தால் போதும். வேலைக்கோ விளையாட்டுக்கோ அந்தக் கணினியைப் பயன்படுத்த முடியாது.

நைட்ரஜன் வேண்டாம், அறை வெப்பத்துக்கு ஓரளவு கீழே போனால் போதாதா என்று இன்டெல்லே முயன்று பார்த்தது. 2020-இல் வந்த 'க்ரையோ கூலிங்' பெல்டியர் தகட்டைப் பயன்படுத்தியது. மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். தகடே நிறைய மின்சாரம் தின்னும். அந்தச் சூட்டையும் சேர்த்து ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும். 2023-இல் இன்டெல் அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது. நம் ஊரில் இதற்குத் தனியாக ஒரு முட்டுக்கட்டை உண்டு. சென்னையில் 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிரும் எந்தப் பரப்பிலும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். மதர்போர்டின் மேல் தண்ணீர் வடியாமல் இருக்க வேண்டுமென்றால், இவ்வளவு ஏற்பாட்டுக்கும் மிஞ்சுவது 6 டிகிரிதான்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வாதம் வரும். தயாரிப்பாளரே 95 டிகிரி பரவாயில்லை என்கிறாரே, பின் ஏன் கவலை? ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உண்மையிலேயே அப்படித்தான் சொன்னது: முழு வேலையில் 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பு. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் செய்த ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைப் பிடுங்கியதும் ஏஎம்டி ஏத்லான் புகைந்து செத்தது. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. இன்று எல்லா பிராசசர்களும் அப்படித் தங்களைக் காத்துக்கொள்கின்றன. எனவே 95 டிகிரியைப் பார்த்துப் பதறத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பு என்பது உடனடிச் சாவுக்கு எதிரானது, தேய்மானத்துக்கு எதிரானது அல்ல. மின்னோட்டத்தின் நெருக்கமும் வெப்பமும் சேர்ந்து சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளை மெல்ல அரிக்கும் என்பதை, மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்.

அதற்குப் பெரிய சாட்சி 2024-இல் கிடைத்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக பிராசசர்கள் காரணமில்லாமல் நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்தன. ஓவர்கிளாக் செய்யாத கணினிகளிலும் அப்படி நடந்தது. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, உயர்ந்த வோல்டேஜிலும் வெப்பத்திலும் உள்ளிருக்கும் கடிகாரச் சுற்று முதுமையடைகிறது என்று இன்டெல் கண்டறிந்தது. பரிகாரமாக வந்தது பெரிய கூலரல்ல. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் என்ற உள்நிரல் திருத்தம், பிராசசர் கேட்கும் வோல்டேஜுக்கு 1.55 என்று கடிவாளம் போட்டது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்களை அந்த மைக்ரோகோட்டால் மீட்க முடியவில்லை. ஆலை அமைப்பிலேயே இந்த நிலை என்றால், பயாஸில் தன்னிச்சையாக 1.4, 1.45 என்று ஏற்றிவிட்டு, வெப்பம் 80-க்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

வோல்டேஜைக் குறைத்தால் வேகமும் போய்விடுமே, அப்புறம் எதற்கு ஓவர்கிளாக்கிங் என்று கேட்பவர்கள் பழைய பிராசசர்களை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். 2008-இல் இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்த பிறகு, வெப்பத்திலும் மின்செலவிலும் மிச்சம் இருக்கும் வரை பிராசசரே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. செலரான் காலத்தில் நாம் சுரண்டிய மிச்சத்தை இப்போது தயாரிப்பாளர் முன்கூட்டியே சுரண்டி விற்கிறார். இப்படிப்பட்ட பிராசசரில் வோல்டேஜைக் குறைத்தால் மிச்சம் கூடுகிறது; அந்த மிச்சத்தில் அதுவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ரைசன் 5000 வரிசைக்காக ஏஎம்டி அறிமுகப்படுத்திய 'கர்வ் ஆப்டிமைசர்' இந்த வேலைக்கென்றே உள்ள கருவி. ஒரு படி இறக்கினால் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். சரியாக அமைந்த கணினியில் சூடு குறைந்து வேகமும் கொஞ்சம் கூடும். இன்றைய ஓவர்கிளாக்கிங் என்பது இதுதான் என்பேன்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பிராசசர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 30 படி இறங்கும், இன்னொன்று 10-லேயே தடுமாறும். அந்தத் தடுமாற்றமும் முழுச் சுமையில் வரும் என்று சொல்ல முடியாது, சினிபெஞ்ச் போன்ற சோதனை நிரல் ஓடும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். மடிக்கணினிக்காரர்களுக்கு வேறொரு தடை. வோல்டேஜைக் குறைப்பதன் மூலம் பிராசசரின் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து ரகசியங்களைத் திருட முடியும் என்று 2019-இல் 'பிளண்டர்வோல்ட்' ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு பல இன்டெல் மடிக்கணினிகளில் அந்த அமைப்பே பூட்டப்பட்டுவிட்டது. அவர்களுக்கு மின்செலவு வரம்பைக் குறைப்பதே வழி.

கூலரே வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். அறை வெப்பத்தில் கூடும் ஒவ்வொரு டிகிரியும் சிப்பின் வெப்பத்தில் அப்படியே ஏறும். 21 டிகிரி அறையில் எடுத்த விமர்சன முடிவுகளோடு, மே மாத மதுரையின் 38 டிகிரி அறையில் ஓடும் கணினிக்கு 17 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே நல்ல காற்றோட்டமுள்ள பெட்டி, நடுத்தர விலையில் இரட்டைக் கோபுர ஏர் கூலர், தூசி தட்டிய ஃபில்டர், காய்ந்துபோனால் மாற்றிய தெர்மல் பேஸ்ட் ஆகியவை நம் ஊரில் அவசியம். கூலர் அகற்றும் 250 வாட்டும் அறைக்குள்தான் வருகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் 3,500 வாட். அதில் பதினான்கில் ஒரு பங்கைப் பிராசசர் மட்டுமே விழுங்கும். மின்கட்டணத்தில் இரண்டு இடங்களில் அதற்குப் பணம் கட்டுகிறீர்கள். பெரிய ரேடியேட்டர் இந்தக் கணக்கில் ஒரு வாட்டைக்கூடக் குறைக்காது.

நடுத்தரக் கூலருக்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயையும் கிராஃபிக்ஸ் கார்டுக்கோ மெமரிக்கோ திருப்பிவிடுவதே லாபம். ஓவர்கிளாக் செய்துதான் ஆக வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பயாஸை அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். மதர்போர்டு நிறுவனம் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட்ட மின்செலவு வரம்பைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறக்குங்கள். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை ஐந்தைந்து படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் முழுச் சுமையிலும் சும்மாவும் ஓடவிட்டுப் பாருங்கள். தடுமாறினால் ஐந்து படி மேலே வந்து நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் வெப்பம் உறுத்தினால், சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குப் போய் கூலர் விலை கேளுங்கள்.